அறுவைக்குக் காத்திருக்கும் பெண்களும் நமது கடமையும்

நமது முக்கூடல் பக்கத்தில் ஒரு பெண்ணுக்கு மார்பில் புற்றுநோய் கண்டிருக்கின்றது என்று டாக்டர் சொல்லிவிட்ட நாளுக்கும், அவளை அறுவை மேஜையில் படுக்க வைக்கும் நாளுக்கும் நடுவில் இரண்டு வாரமோ, மூன்று வாரமோ, சில சமயம் அதற்கு மேலுமோ கழிகின்றது. ரத்தச் சோதனை, படம் எடுத்தல், சதைத் துணுக்கை எடுத்து அது எந்த வகைப் புற்று என்று பார்த்தல் ஆகிய காரியங்களுக்கு இந்த நாட்கள் வேண்டியிருக்கின்றன. சிலருக்குக் கட்டியைச் சுருக்குவதற்காக மருந்தை முதலில் ஏற்றி, அறுவையைப் பின்னால் வைத்துக்கொள்வதும் உண்டு. டாக்டர்களுக்கு இது வேலை நடக்கின்ற காலம். அந்தப் பெண்ணுக்கோ இது ஒன்றுமே நடக்காத காலம். இரவில் தூக்கமில்லாமலும், பகலில் முறத்தை மடியில் வைத்துக்கொண்டு இலையை வெட்ட மனமில்லாமலும் அவள் உட்கார்ந்திருக்கின்ற இந்த நாட்களைப் பற்றித்தான் நாம் இன்று எழுதுகின்றோம்.

இந்த நாட்களில் அவள் வீட்டுக்கு யார் யார் வருகின்றார்கள் என்பதைப் பாருங்கள். முதலில் உறவினர்கள் வந்து, திண்ணையில் உட்கார்ந்து, மெதுவான குரலில் “யாரிடமும் சொல்லாதே, உன் மகள் கலியாணம் தடைப்படும்” என்று சொல்லிப் போகின்றார்கள். அடுத்து ஜோசியர் வருகின்றார். சனி பார்க்கின்றான் என்கின்றார். கோடாங்கி வருகின்றார்; குலதெய்வத்துக்கு வைத்த நேர்ச்சை பாக்கி என்கின்றார். பிறகு பச்சிலைக்காரர் வருகின்றார். கத்தி பட்டால் புற்று உடம்பெல்லாம் பரவிவிடும், நாற்பது நாள் தாரும், பற்றுப் போட்டே கரைத்து விடுகின்றேன் என்கின்றார். கடைசியாக, “இன்ன ஊரில் இன்னாளுக்கும் இப்படித்தான் வந்தது, ஆறு மாதம் தாங்கவில்லை” என்று கதை சொல்லுகிறவர்கள் வந்து, காப்பி குடித்துவிட்டுப் போகின்றார்கள்.

வரவேண்டிய ஒருவர் மாத்திரம் வருவதில்லை. அவர் யாரென்றால், இதே நோய் கண்டு, இதே கத்திக்கு உட்பட்டு, பிழைத்தெழுந்து, இன்றைக்கு அடுத்த தெருவில் உட்கார்ந்து பீடி சுற்றிக் கொண்டிருக்கின்ற இன்னொரு பெண். அவள் ஏன் வருவதில்லை? அவளுக்கும் யாரிடமும் சொல்லாதே என்று முன்னமே வாய்ப்பூட்டுப் போட்டுவிட்டார்கள். ஆகவே செத்தவர்களின் கதை ஊரெல்லாம் பரவுகின்றது. பிழைத்தவர்களின் கதை ரவிக்கைக்குள்ளேயே மறைந்து கிடக்கின்றது. இந்த ஒரு காரணத்தினாலேயே இந்நோய் வந்தவர்கள் ஒருவரும் பிழைப்பதில்லை என்று ஜனங்கள் நம்பும்படி ஆகியிருக்கின்றது.

நாம் மிகைப்படுத்திச் சொல்வதாக யாராவது நினைத்தால் கணக்கைப் பார்க்கட்டும். உலக முழுவதற்கும் 2022ஆம் ஆண்டில் சுமார் 23 லட்சம் பெண்களுக்கு மார்புப் புற்று புதிதாகக் காணப்பட்டது. இறந்தவர்கள் சுமார் 6 லட்சத்து 70 ஆயிரம். நமது இந்தியாவில் அதே ஆண்டில் புதிதாகக் காணப்பட்டவர்கள் சுமார் 1 லட்சத்து 92 ஆயிரம். இறந்தவர்கள் சுமார் 98 ஆயிரம். அதாவது உலகக் கணக்கில் மூன்று பேருக்கு மேல் நோய் காணும்போது ஒருவர் இறக்கின்றார். நம் நாட்டிலோ இரண்டு பேருக்கு ஒருவர் இறக்கின்றார். நோய் ஒன்றுதான், கத்தியும் மருந்தும் ஒன்றுதான். பின் ஏன் இந்த வித்தியாசம்? நம் பெண்கள் காலம் கடந்து வருகின்றார்கள். வந்த பிறகும் பலர் முழு வைத்தியத்தையும் முடிப்பதில்லை. பணமில்லாமை இதற்கு ஒரு காரணம், தூரம் ஒரு காரணம். பயமும் வெட்கமும் இவ்விரண்டுக்கும் சளைக்காத காரணங்கள் என்பது நமது அபிப்பிராயம்.

நிற்க, “என்ன பாவம் செய்தேனோ” என்று அந்தப் பெண் அழுகின்றாளே, அதற்கு முதலில் பதில் சொல்லுவோம். இந்நோய் கண்டவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு, பெண்ணாயிருப்பதும் வயது நாற்பதைத் தாண்டியிருப்பதும் தவிர வேறு தனிக் காரணம் எதுவும் காணமுடியவில்லை என்று உலக சுகாதார நிறுவனமே சொல்லுகின்றது. நூற்றுக்கு ஐந்து முதல் பத்துப் பேருக்குப் பரம்பரையாக வருகின்ற அணுக்கோளாறு காரணமாயிருக்கின்றது. நூற்றுக்கு அரையோ ஒன்றோ ஆண்களுக்கும் இது வருகின்றது. இது ஒட்டுவாரொட்டி நோயல்ல. அவள் குடித்த செம்பைத் தனியே வைக்க வேண்டியதில்லை, பிள்ளையை அவள் மடியிலிருந்து பிடுங்க வேண்டியதுமில்லை. பூர்வ ஜென்ம பாவம் தான் காரணமென்றால், பால் குடிக்கிற கன்றை அவிழ்த்து விற்றவனுக்கும், வட்டி வாங்கி ஊரை அழித்தவனுக்கும் அல்லவா முதலில் வரவேண்டும்? அவர்கள் சுகமாய் வண்டியில் போகின்றார்கள். இலை வெட்டிக் கை தேய்ந்தவளுக்கு வருகின்றது. இதில் நீதியைத் தேடுகிறவர்கள் புத்தியைத் தொலைத்தவர்களே ஆவார்கள்.

இவ்வளவும் எழுதுகின்ற நாம் ஒரு விஷயத்தில் நமது சொந்த வெட்கத்தையும் ஒப்புக்கொண்டாக வேண்டும். நாம் இருபது வருஷமாக மேடையேறி, தலைவிதி என்பது பொய், கர்மம் என்பது சோம்பேறிகளின் சமாதானம் என்று தொண்டை வறளப் பேசினவர்கள். அப்படியிருக்க, நமது கொழுந்தியாளுக்கு, அதாவது நம் மனைவியின் தங்கைக்கு, இந்நோய் கண்டபோது நாம் என்ன செய்தோம்? அவளை உட்கார வைத்து ஒரு மணி நேரம் பிரசங்கம் செய்தோம். புற்று என்பது உடம்பின் அணுக்கள் கட்டுக்கடங்காமல் பெருகுவது என்றோம். சனியனும் இல்லை சாபமும் இல்லை என்றோம். கட்டி சிறியதாயிருந்தால் அதை மட்டும் எடுத்துவிட்டுக் கதிர் வைத்தியம் செய்துகொண்ட பெண்களும், மார்பு முழுவதையும் எடுத்துக்கொண்ட பெண்களும் ஒரே அளவுக்கு உயிர் வாழ்ந்தார்கள் என்பதை 20 வருஷம் கணக்குப் பார்த்து அமெரிக்காவில் பிஷரும் இத்தாலியில் வெரோனேசியும் 2002இல் வெளியிட்டார்கள் என்றுகூடச் சொன்னோம். சொன்னது ஒன்றும் தப்பில்லை. எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவள் சொன்னாள்:

“அத்தான், நீங்க சொல்லுறதெல்லாம் சரிதான். ஆனா உங்க நெஞ்சையா அறுக்கப் போறாங்க?”

நாம் மேடையில் எத்தனையோ எதிர்க் கேள்விகளுக்குப் பதில் சொல்லியிருக்கின்றோம். இந்தக் கேள்விக்கு நம்மிடம் பதில் இல்லை. அன்றியும், அந்த ஒரு மணி நேரத்தில் நாம் “மார்பு” என்ற வார்த்தையை ஒரு தடவைகூட வாய்விட்டுச் சொல்லவில்லை, “அந்த இடம்”, “அந்தப் பக்கம்” என்றே சொல்லிக் கொண்டிருந்தோம் என்று பின்னால் நம் மனைவி சொல்லித்தான் நமக்கே தெரிந்தது.

இதற்குள் அவள் மாமியார் வீட்டில், ஆடி மாதம் பிறந்துவிட்டது, ஆடியில் உடம்பில் கத்தி வைக்கக் கூடாது, ஆவணியில் நல்ல நாள் பார்த்துக் கொள்ளலாம் என்று தீர்மானம் செய்துவிட்டார்கள். டாக்டர் குறித்துக் கொடுத்த தேதியோ ஆடிப் பதினெட்டுக்கு மறுநாள். நாம் கோபித்துக் கொண்டோம், சண்டை போட்டோம், ஒன்றும் பலிக்கவில்லை. கொழுந்தியாளும், “போகட்டும் அத்தான், ஆவணியிலேயே வச்சுக்கிடலாம்” என்று சொல்லிவிட்டாள். உண்மையில் அவளுக்கு ஆடியைப் பற்றி நம்பிக்கையும் இல்லை, அவநம்பிக்கையும் இல்லை. பயத்துக்கு ஒரு மாதம் தவணை கிடைத்தால் போதும் என்றிருந்தது.

அந்தச் சமயத்தில் பீடிக் கடையில் சுற்றின பீடியை ஒப்படைக்கப் போன நம் மனைவி, அங்கே ஒரு அம்மாளிடம் பேச்சுவாக்கில் விஷயத்தைச் சொல்லியிருக்கிறாள். அந்த அம்மாளுக்கு ஐம்பத்தைந்து வயதிருக்கும். ஆறு வருஷத்துக்கு முன் தனக்கும் இதே அறுவை நடந்ததென்பதை அன்று வரையில் ஊரில் மூன்று பேருக்கு மேல் சொன்னதில்லையாம். மறுநாள் சாயங்காலம், கூப்பிடாமலே, தலையில் முக்காடு போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டார்கள். வந்ததும் நம்மைப் பார்த்து, “ஐயா, நீங்க கொஞ்சம் வெளியே இருங்க” என்றார்கள். கதவு சாத்தப்பட்டது. நாம் திண்ணையில் உட்கார்ந்திருந்தோம். முக்கால் மணி நேரம் கழித்து உள்ளேயிருந்து ஒரு சிரிப்புச் சத்தம் கேட்டது. பன்னிரண்டு நாளாக அந்த வீட்டில் கேட்காத சத்தம் அது.

உள்ளே நடந்தது என்ன என்பதை நம் மனைவி பிறகு சொன்னாள். அந்த அம்மாள் பேச்சை ஆரம்பிக்கும் முன் ரவிக்கையை அவிழ்த்து, தழும்பைக் காட்டியிருக்கின்றார்கள். “தொட்டுப் பாருளா” என்று கையைப் பிடித்து வைத்திருக்கின்றார்கள். பிறகு ஒவ்வொன்றாகச் சொன்னார்களாம். மயக்க மருந்து கொடுப்பார்கள், முழிக்கும்போது எல்லாம் முடிந்திருக்கும். விலாவில் ஒரு குழாயும் அதன் நுனியில் ஒரு குப்பியும் தொங்கும். அது நீர் வடிவதற்கு, அதைப் பார்த்துப் பயந்துவிடாதே, சில நாளில் எடுத்துவிடுவார்கள். முன்பக்கம் பித்தான் வைத்த தளர்த்தியான சட்டை இரண்டு தைத்துக்கொள், கையைத் தூக்கி ரவிக்கை போட முடியாது. கையைத் தூக்க டாக்டர் எப்போது சொல்லுகிறாரோ அப்போதிலிருந்து சுவரில் விரலை வைத்து நாளுக்கு ஒரு சாண் மேலே ஏற்று. வலிக்கிறதென்று விட்டுவிட்டால் பிறகு முறம் பிடிக்க முடியாது. மருந்து ஏற்றினால் முடி கொட்டும், பிறகு முளைக்கும். “எனக்கு இத்தனை வயசுக்கு மேல சுருட்டையா முளைச்சுது. என் வீட்டுக்காரருக்கே அடையாளம் தெரியல்ல” என்று சொன்னார்களாம். அதுதான் அந்தச் சிரிப்பு.

கடைசியில் ஆடி விஷயம் வந்தது. அந்த அம்மாள், “எனக்கு ஆடியிலதான் வச்சாங்க. அதுக்குப் பெறகு ஆறு ஆடி கழிஞ்சு போச்சு” என்றார்கள்.

அவ்வளவுதான். நாம் இருபது வருஷம் ஆடி மாதத்தைப் பற்றிப் பேசின பேச்சு முழுவதும் அந்த ஒரு வார்த்தைக்கு முன் நிற்கவில்லை. குறித்த தேதியில் அறுவை நடந்தது. கொழுந்தியாள் இப்போது மாத்திரை சாப்பிட்டுக்கொண்டு, டாக்டர் சொன்ன தவணைக்குப் போய்க் காட்டி வருகிறாள். நோய் இனித் திரும்பாது என்று நாம் ஜாமீன் கொடுக்கவில்லை. யாரும் கொடுக்க முடியாது. ஆனால் அதே சமயத்தில் ஆற்றுக்கு அக்கரையில் ஓர் ஊரில் இன்னொரு பெண்ணுக்கும் கட்டி கண்டிருந்தது. அவளிடம் பச்சிலைக்காரர் மாத்திரமே போய்ச் சேர்ந்தார். எட்டு மாதம் பற்றுப் போட்டுப் புண்ணாக உடைந்த பிறகு அவளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். இனிக் கத்தியால் பயனில்லை என்று அங்கே சொன்னார்கள். அவளுக்கு இரண்டு பிள்ளைகள். அவள் வீட்டுக்கும் ஒரு அம்மாள் போய்க் கதவைச் சாத்தியிருந்தால் என்ன நடந்திருக்கும் என்று நாம் பல இரவு யோசித்ததுண்டு.

இது நமது ஊரில் புதிதாய்க் கண்டுபிடித்த வித்தையல்ல. 1811இல், மயக்க மருந்து என்பதே இல்லாத காலத்தில், பானி பர்னி என்ற ஆங்கில எழுத்தாளருக்குப் பாரிஸ் பட்டணத்தில் மார்பை அறுத்தார்கள். அவர் அதைத் தம் சகோதரிக்கு ஒரு நீண்ட கடிதமாக ஒளிவுமறைவில்லாமல் எழுதினார்; அதற்குப் பின் 1840 வரையில் உயிரோடிருந்தார். ஒரு பெண் அனுபவித்ததை இன்னொரு பெண்ணுக்குச் சொல்லுகின்ற வழக்கம் அவ்வளவு பழையது. 1846இல் மயக்க மருந்து வந்தது, வலி போயிற்று, பேச்சும் அத்தோடு போயிற்று. நூறு வருஷம் கழித்து, 1952இல், அமெரிக்காவில் தெரெஸ் லாசர் என்ற அம்மாளுக்கு இந்த அறுவை நடந்தது. கையை எப்படி அசைப்பது, எப்படி உடுத்துவது, வீட்டில் எப்படி நடந்துகொள்வது என்று கேட்டதற்கு வாய் திறந்து பதில் சொல்ல ஆளில்லை. தாமே கற்றுக்கொண்டு, அதைச் சொல்வதற்காக ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக மற்றப் பெண்களைத் தேடிப் போனார். டாக்டர்களில் சிலர் முகம் சுளித்தார்கள். அவர் விடவில்லை. 1969இல் அமெரிக்கப் புற்றுநோய்ச் சங்கமே அந்த வேலையைத் தன் சொந்த வேலையாக ஏற்றுக்கொண்டது. இன்று பல தேசங்களில் அது நடக்கின்றது. நம் நாட்டிலும், புற்றுநோயிலிருந்து பிழைத்த ஹர்மலா குப்தா என்ற அம்மையார் 1991இல் டில்லியில், பிழைத்தவர்கள் நோயாளிகளைச் சந்தித்துப் பேசுவதற்கென்றே ஒரு குழுவை ஆரம்பித்தார்.

தமிழ்நாட்டைப் பற்றிச் சொல்ல வேண்டுமானால் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையாரைச் சொல்லாமல் முடியாது. பொட்டுக் கட்டும் கொடுமையை ஒழிக்கச் சட்டசபையில் போராடிய அந்த அம்மையார், 1923இல் தம் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தார். அந்தத் துயரத்தைக் கோவிலுக்குக் கொண்டுபோகாமல், 1954இல் சென்னை அடையாற்றில் 12 படுக்கைகளோடு ஒரு புற்றுநோய் ஆஸ்பத்திரியாகக் கட்டினார். 1955இல் அங்கே வந்து சேர்ந்த டாக்டர் சாந்தா அம்மையார் 2021இல் மறையும் வரை அதிலேயே உழைத்தார். தங்கைக்காக அழுதவர்கள் கோடிக்கணக்கானவர்கள். அழுதுவிட்டு ஆஸ்பத்திரி கட்டினவர் ஒருவர். நாம் ஆஸ்பத்திரி கட்ட வேண்டியதில்லை. ஒரு பெண்ணை இன்னொரு பெண்ணின் வீட்டுக்கு அழைத்துப் போனால் போதும். அதற்கும் நமக்குச் சக்தியில்லையா என்று கேட்கின்றோம்.

இங்கே பகுத்தறிவுக்காரர் ஒருவர் எழுந்து, “பேச்சினால் புற்று கரையுமா? இதுவும் ஒரு மந்திரம் தானே?” என்று கேட்கலாம். கேட்க வேண்டியதுதான். இதற்கும் சோதனை நடந்திருக்கின்றது. அமெரிக்காவில் ஸ்பீகல் என்ற டாக்டர், புற்று முற்றிய பெண்கள் 86 பேரை இரண்டு பிரிவாக்கி, ஒரு பிரிவினரை மட்டும் வாரந்தோறும் கூடிப் பேச வைத்தார். அப்படிப் பேசினவர்கள் அதிக நாள் வாழ்ந்தார்கள் என்று 1989இல் வெளியிட்டார். உலகமெல்லாம் கொண்டாடிற்று. ஆனால் கனடாவில் குட்வின் என்ற டாக்டரும் அவருடைய கூட்டாளிகளும் 235 பெண்களை வைத்து அதையே திரும்பச் சோதித்து, ஆயுள் நீளவில்லை என்றும், மனத் துயரமும் வலியும் மாத்திரம் குறைந்தன என்றும், முதலில் அதிகத் துயரத்தோடிருந்தவர்களுக்கே அதிக நன்மை கிடைத்தது என்றும் 2001இல் சொன்னார்கள். ஆகவே, கூடிப் பேசினால் புற்று தீரும் என்று யாராவது சொன்னால் அவரும் கோடாங்கிக்கு அண்ணன்தான். நாம் அப்படிச் சொல்லவில்லை. பேச்சு பயத்தைக் குறைக்கும். பயம் குறைந்தால் அவள் குறித்த தேதியில் போய்ப் படுப்பாள். புற்றைத் தீர்ப்பது கத்தியும், கதிரும், மருந்துமே.

அந்தத் தேதி எவ்வளவு முக்கியம் என்பதற்கும் கணக்குண்டு. பல தேசத்து லட்சக்கணக்கான நோயாளிகளின் கணக்குகளைச் சேர்த்துப் பார்த்து 2020இல் வெளியிட்ட ஓர் ஆராய்ச்சியில், புற்றுநோய்க்கான அறுவை நான்கு வாரம் தள்ளிப் போகுந்தோறும் மரண அபாயம், இருப்பதற்கு மேல் 6 முதல் 8 சதவீதம் கூடுகின்றதென்று கண்டார்கள். ஆடி முடியட்டும் என்பது நான்கு வாரம். நாற்பது நாள் பச்சிலை என்பது ஏறக்குறைய ஆறு வாரம். மகள் கலியாணம் முடியட்டும் என்பது ஆறு மாதம். டாக்டர் காரணத்தோடு நாளெடுப்பது வேறு. பயத்துக்கும் பஞ்சாங்கத்துக்கும் நாளைத் தாரை வார்ப்பது வேறு.

இன்னும் சிலர் குடும்ப மானம் என்கின்றார்கள். கண்ணகி தன் மார்பைத் திருகி எறிந்து மதுரையை எரித்தாள் என்று எழுதி வைத்து, அவளைப் பத்தினித் தெய்வமாக்கிச் சிலை வைத்துக் கும்பிடுகின்ற நாடு இது. புருஷனுக்காக மார்பை இழந்தவள் தெய்வம்; தன் உயிருக்காகவும் தன் பிள்ளைகளுக்காகவும் மார்பை இழந்தவள் மாத்திரம் முக்காடு போட்டுக்கொண்டு மறைய வேண்டுமா? அவளை மூளியென்று சொல்லுகின்ற ஆண், பல் விழுந்தால் தன்னை மூளியென்று சொல்லிக் கொள்ளுகின்றானா? பெண்ணின் உடம்பு புருஷனுடைய சொத்து என்று நினைக்கிறவர்களுக்குத்தான் அறுவையில் சொத்து நஷ்டம் தெரிகின்றது. அவளுக்கு அது கால் புழுத்தால் காலை எடுப்பதைப்போல உயிரைக் காக்கின்ற ஒரு வைத்தியம். அவளுக்குத் துக்கமில்லை என்று நாம் சொல்லவில்லை. அந்தத் துக்கத்தைச் சொல்லி அழ அவளுக்கு இடம் வேண்டும். அதைக் கேட்கத் தகுதியுள்ளவர், அதே துக்கத்தைப் பட்டவரே.

இனி, செய்ய வேண்டியதைச் சொல்லுகின்றோம். முக்கூடலும் சுற்றுக் கிராமங்களும் பீடி சுற்றும் பெண்களால் பிழைக்கின்ற ஊர்கள். வாரம் தவறாமல் பெண்கள் கூடுகின்ற இடம் பீடிக் கடை. ஆகவே அங்கிருந்தே ஆரம்பிக்கலாம். இந்நோயிலிருந்து பிழைத்த பெண்களில் சம்மதிக்கிறவர்கள் இரண்டு மூன்று பேர் போதும். கிராம சுகாதாரச் செவிலியரிடமும், டாக்டரிடமும், “இப்படிப்பட்ட பெண்கள் இருக்கின்றார்கள், நோயாளி விரும்பினால் வந்து பார்ப்பார்கள்” என்று தெரிவித்து வைக்க வேண்டும். விரும்பினால் என்ற வார்த்தையை மறக்கக் கூடாது. அழைக்காத வீட்டில் நுழைந்து புத்தி சொல்வதற்கு நாம் ஒன்றும் பூசாரிகள் அல்ல.

போகிற பெண்ணுக்குச் சில கட்டுப்பாடுகள் வேண்டும். மருந்து சொல்லக்கூடாது. “உனக்கும் எனக்கு நடந்தபடியே நடக்கும்” என்று சொல்லக்கூடாது. ஏனெனில் புற்றில் பல வகை உண்டு, ஒருவருக்குச் செய்கின்ற வைத்தியம் இன்னொருவருக்கு ஆகாது. உள்ளே கேட்டதை வெளியே சொல்லக்கூடாது. காசு வாங்கக்கூடாது. பேசுவதைக் காட்டிலும் அதிகமாகக் கேட்க வேண்டும். வந்தவள் அழுதால் அழவிட வேண்டும். தைரியமாயிரு என்று வாயை அடைக்கக் கூடாது. உயிரை மாய்த்துக் கொள்ளலாமா என்கின்ற பேச்சு வந்தால் மாத்திரம் தாமதியாமல் டாக்டரிடம் தெரிவிக்க வேண்டும். டாக்டரிடம் கேட்க வேண்டிய கேள்விகளை நோயாளியோடு சேர்ந்து ஒரு தாளில் எழுதிக் கொடுக்கலாம்: எனக்கு எந்த வகை? கட்டியை மட்டும் எடுத்தால் போதுமா, முழுவதும் எடுக்க வேண்டுமா? அதற்குப் பின் கதிர் உண்டா? கை வீங்காமலிருக்க என்ன செய்ய வேண்டும்?

ஆண்களாகிய நமக்கும் வேலை உண்டு. அது பிரசங்கம் செய்கின்ற வேலையல்ல. பாளையங்கோட்டை ஹைகிரவுண்டு ஆஸ்பத்திரிக்குத் துணைக்குப் போக வேண்டும். முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் ஒரு குடும்பத்துக்கு வருஷத்துக்கு 5 லட்சம் ரூபாய் வரையில் வைத்தியச் செலவு கிடைக்கின்றது. அதற்குரிய அட்டையையும் தாள்களையும் முன்கூட்டியே சரிபார்த்துக் கொடுக்க வேண்டும். நோயாளியைப் பார்க்கப் போகின்ற பெண்ணுக்கு அன்றைய பீடிக் கூலி போய்விடும். ஆயிரம் பீடிக்கு என்ன கூலியோ அதையும் பஸ் காசையும் நமது கழகத் தோழர்கள் வசூலித்துக் கொடுக்க வேண்டும். இது பிச்சையல்ல, தோழரின் வேலைக்குத் தோழர்கள் ஈடு செய்வது. நம் வீட்டில் முப்பது வயது கடந்த பெண்களை ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அனுப்பி மார்புச் சோதனை செய்துகொள்ளச் சொல்ல வேண்டும். அங்கே அது இலவசம். அவர்கள் திரும்பி வரும் வரையில் உலையை நாம் வைக்க வேண்டும். மற்றும், “மார்பு” என்ற வார்த்தையைக் கூசாமல் சொல்லப் பழகிக்கொள்ள வேண்டும்.

கடைசியாக ஒன்று. நமது படிப்பகம் இருக்கின்றது. அதில் பத்திரிகை படிக்கிறவர்களும், பெஞ்சில் உட்கார்ந்து விவாதம் செய்கிறவர்களும் ஆண்களே. பெண் விடுதலையைப் பற்றி அங்கே நாம் நடத்தாத விவாதம் கிடையாது. ஆனால் ஒரு பெண் உள்ளே வந்து உட்கார்ந்ததை நாம் பார்த்தது கிடையாது. வாரத்தில் ஒரு நாள், ஞாயிறு மத்தியானம், அந்தப் படிப்பகத்தைப் பெண்களுக்கு விட்டுவிடலாம் என்று நாம் தோழர்களிடம் சொல்லியிருக்கின்றோம். வீட்டில் மாமியாருக்கும் மற்றவர்களுக்கும் முன்னால் பேச முடியாதவர்கள் அங்கே வந்து கதவைச் சாத்திக்கொண்டு பேசட்டும். இரண்டு தோழர்கள் ஆட்சேபித்தார்கள். கேரம் பலகையை எங்கே கொண்டு வைப்பது என்று கேட்டார்கள். திண்ணையில் வைத்துக் கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டோம்.

சாவி இப்போது அந்த ஐம்பத்தைந்து வயது அம்மாளிடம் இருக்கின்றது. மற்ற ஊர்த் தோழர்கள் தங்கள் படிப்பகச் சாவியை யாரிடம் கொடுக்கப் போகின்றார்கள் என்பதை அடுத்த வாரத்துக்குள் நமக்கு எழுதுவார்களாக.